தங்கை விரும்பித்தான் போகிறாள் என்றால் அது எப்படி ஆட்கடத்தல் ஆகும்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கொடைக்கானல் மலையில், தாண்டிக்குடிக்குக் கீழே ஒரு சிற்றூர். பிளஸ் டூ முடித்த தங்கைக்கு 18 வயது நிறைய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அம்மா வழிச் சொந்தக்காரர் ஒருவர் வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, அம்மா கையில் 20,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். விடுதியும் சாப்பாடும் ஆலையிலேயே. மூன்று வருடம் முடித்தால் மொத்தமாக ஒரு தொகை. "யாரும் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை, தங்கையே விரும்பித்தான் போகிறாள். இதைப் போய் ஆட்கடத்தல் என்கிறார்களே, எங்கள் சொந்தக்காரரைக் குற்றவாளி ஆக்குவதா?" என்று முடித்திருக்கிறீர்கள். எழுத்தில் நீங்கள் கேட்டது சட்டத்தைப் பற்றி. மனத்தில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன்: அனுப்பலாமா, கூடாதா, அனுப்பிய பிறகு தப்பாகப் போனால் அதை எதை வைத்துக் கண்டுகொள்வது. சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதற்குத்தான் அதிக இடம் ஒதுக்கப்போகிறேன்.

நான் வருவாய்த் துறையில் இருந்தவள். கீழ்மலையில் கிராம நிர்வாக அலுவலராகத் தொடங்கி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். கொத்தடிமை புகார் வந்தால் கோட்டாட்சியர் விசாரணைக்குப் போவார். கூடப் போய் வாக்குமூலம் எழுதுவது பல வருடம் என் வேலையாக இருந்தது. இப்போது சட்டப்பணிகள் குழுவில் தன்னார்வலராக மனு எழுதிக் கொடுக்கிறேன். வழக்கறிஞர் அல்ல. நூற்பாலைகளை வாசல் வரைக்கும், திரும்பி வந்த பெண்களின் வாய் வழியாகவும் அறிவேன். உள்ளே வேலை பார்த்தவள் அல்ல. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் தொல்லை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'கடத்தல்' என்றதும் நமக்கு வேன், மயக்க மருந்து, வாயைப் பொத்தும் கை எல்லாம் நினைவுக்கு வருகின்றன. சந்தனக்கட்டையும் கடத்துகிறார்கள், தங்கமும் கடத்துகிறார்கள், ஆளையும் கடத்துகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அதனால் முகம் தெரியாதவனைக் கண்டுதான் பயப்படுகிறோம். 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பம் வழி கேட்கக் காரை நிறுத்தியது. கூட இருந்த மூதாட்டி ஒரு குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். அந்த வருடம் எங்கள் மலைக் கிராமங்களிலும் துணி விற்க வந்தவர்களை மறித்து ஆதார் அட்டை கேட்டார்கள். அதே கிராமங்களிலிருந்து அதே வாரத்தில், 'மாமா' என்று கூப்பிடப்படுகிற ஒருவர் பட்டப்பகலில், டீ குடித்துவிட்டு, பெற்றோரிடம் சொல்லிக்கொண்டு பிள்ளைகளை அழைத்துப் போனார். அவரை யாரும் மறிக்கவில்லை. நான் எழுதிய வாக்குமூலங்களில் அழைத்துப் போனவர் முன்பின் தெரியாதவராக இருந்தது மிக அரிது. சொந்தம், பக்கத்து ஊர், பழைய மேஸ்திரி, ஏற்கெனவே வேலைக்குப் போய்த் திரும்பிய அக்கா, இவர்கள்தான்.

இனிச் சட்டம். ஆட்கடத்தலைத் தடுப்பதற்கான 2000ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2011இல் ஏற்றது. 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு அதையொட்டித் திருத்தப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143, 144 பிரிவுகள் இருக்கின்றன. மூன்று கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் அது ஆட்கடத்தல். ஆளைச் சேர்த்தாரா, கொண்டுபோனாரா, தங்க வைத்தாரா, ஒப்படைத்தாரா, இவற்றில் ஒன்று போதும். அதை எந்த வழியில் செய்தார்: மிரட்டியா, ஏமாற்றியா, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியா, ஆசை காட்டியா? எதற்காகச் செய்தார்: சுரண்டுவதற்காகவா? தூரம் ஒரு பொருட்டே இல்லை. அடுத்த எஸ்டேட்டுக்குக் கொண்டுபோனாலும் பொருந்தும். 'விரும்பித்தான் போகிறாள்' என்பதற்கும் சட்டம் நேராகவே பதில் வைத்திருக்கிறது: குற்றம் நடந்ததா என்று தீர்மானிப்பதில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது.

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது என் கண் நின்ற இடம் 20,000 ரூபாய். ஆசை காட்டுதல் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில், ஒருவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரின் சம்மதத்தைப் பெறப் பணமோ பலனோ கொடுப்பதும் அடங்கும். தங்கை உங்கள் அம்மாவின் பொறுப்பில் இருக்கிறாள். பணம் போனது தங்கை கைக்கு அல்ல, அம்மா கைக்கு. இதனாலேயே இது குற்றம் என்று சொல்ல வரவில்லை. சுரண்டும் நோக்கம் இருந்தால்தான் குற்றம். ஆனால் நாளைக்கு அப்படி ஒன்று வெளிப்பட்டால், இந்தக் கொடுக்கல் வாங்கல் சும்மா நல்லெண்ணம் என்று ஒதுக்கப்படாது. 18 வயது நிறையாதவர் விஷயத்தில் தண்டனை 10 ஆண்டுக்குக் குறையாது, ஆயுள் வரை போகலாம். நான்கு மாதம் என்பது சிறிய விஷயம் இல்லை, தம்பி.

இதுவரை சொன்னது உறுதி. இனிச் சொல்வது அவ்வளவு உறுதியில்லை. சுரண்டல் என்றால் என்ன என்று அந்தப் பிரிவு சொல்லும்போது உடல் சுரண்டல், பாலியல் சுரண்டல், அடிமைத்தனம், அதை ஒத்த நடைமுறைகள், ஊழியத்தில் கட்டிவைத்தல், பிச்சை எடுக்க வைத்தல், உறுப்புகளை வலுக்கட்டாயமாக எடுத்தல் என்று அடுக்குகிறது. 'கட்டாய உழைப்பு' என்ற சொல் அந்த வரிசையில் நேரடியாக இல்லை. கொத்தடிமை வேலை அடிமைத்தனத்தை ஒத்த நடைமுறைதான் என்று நாங்கள் எழுதுவோம். சில காவல் நிலையங்களில் ஒப்புக்கொள்வார்கள், சில இடங்களில் "இது கூலித் தகராறு, தொழிலாளர் துறைக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். அதனால் என் வழக்கம், மனுவில் அந்தப் பிரிவோடு 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தையும் சேர்த்தே எழுதுவது. பழைய சட்டம், ஆனால் கூலிக்காரர்களின் வாழ்க்கையைப் பார்த்து எழுதப்பட்டது. வாங்கிய முன்பணத்துக்காக ஒருவர் வேறு இடத்தில் வேலை தேடும் சுதந்திரத்தையோ, விரும்பிய இடத்துக்குப் போகும் சுதந்திரத்தையோ, தன் உழைப்பைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையையோ இழந்தாலும், பெயரளவுக் கூலிக்கு வேலை செய்தாலும், அது கொத்தடிமை. நான்கில் ஒன்று போதும். அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு பணம் கொடுத்தவர் தலையில். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது. பசியும் ஒரு கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதெல்லாம் தாளில். நேரில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பல வருடத்துக்கு முன்பு, கீழ்மலையில் ஒரு காப்பித் தோட்டம். மிளகும் வாழையும் ஊடுபயிர். அங்கே இரண்டு பளியர் பழங்குடிக் குடும்பங்கள் அடைபட்டிருப்பதாகத் தகவல் வந்து போனோம். பூட்டு இல்லை, வேலி இல்லை, அடித்த தழும்பு இல்லை. தோட்டத்துக்காரர் எங்களுக்கு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, ஒரு 40 பக்க நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். மருந்து 300, அரிசி 450, தீபாவளிக்கு 1,000, சாவுச் செலவு 2,000. வரவுப் பக்கத்தில் தேதி போடாமல் எப்போதாவது ஒரு தொகை. கடைசியில் சிவப்பு மையில் வட்டம் போட்ட ஒரு கூட்டல். நான் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் அவர் போட்டிருந்தது 1,100 ரூபாய் கூடுதலாகவே இருந்தது. அந்தக் குடும்பத்துப் பெண்ணிடம் கடன் எவ்வளவு என்று கேட்டால், "அந்த நோட்டில் இருக்கும்" என்றாள். வெளியே போக விடுகிறார்களா என்று அதிகாரி கேட்டார். "போவோமே, சந்தைக்குப் போவோம்" என்றாள். அவர் பேனாவை மூடப் போனார். நடமாட்டச் சுதந்திரம் உண்டு என்று எழுதினால் விசாரணை அத்தோடு முடிந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, சந்தைக்கு யார் யார் போவீர்கள் என்று கேட்டேன். "நான் போனால் அவர் இருப்பார். அவர் போனால் நான் இருப்பேன். பிள்ளைகள் எப்போதும் இங்கேதான்." எல்லோரும் சேர்ந்து ஒரு நாளாவது போனதுண்டா? அவள் கணவனைப் பார்த்தாள். கணவன் நோட்டைப் பார்த்தான். மூடப் போன பேனா அன்று மூன்று மணி நேரம் ஓடியது.

அன்றிலிருந்து நான் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. எப்படிப் போனீர்கள் என்று கேட்பதில்லை. பெரும்பாலோர் சிரித்துக்கொண்டேதான் வண்டி ஏறுகிறார்கள். இன்றைக்கே கிளம்ப நினைத்தால் முடியுமா, செய்த நாளுக்குக் கூலி கைக்கு வருமா, கிளம்பினால் எதை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று கேட்கிறேன். விட்டுவிட்டுப் போக வேண்டியது பிள்ளையாக இருக்கலாம், பிடித்து வைத்த சம்பளமாக இருக்கலாம், மதிப்பெண் சான்றிதழாக, பாஸ்போர்ட்டாக, மிரட்டுவதற்கு எடுத்து வைத்த ஒரு படமாகக்கூட இருக்கலாம். அதுதான் கயிறு.

மலைத்தோட்டத்துக்கு இது புதிதும் அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் சனங்களை அழைத்துப் போன கங்காணியும் சொந்தக்காரர்தான், ஊர்க்காரர்தான். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும்: இவர்கள் கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிற துரை இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய காகிதம். அந்த முறையை 1921இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அந்தக் காகிதத்தைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு அந்த 40 பக்க நோட்டுதான் நினைவுக்கு வந்தது.

உங்கள் விஷயத்தில் கயிறு எங்கே இருக்க முடியும்? மூன்று வருடக் கடைசியில் தருவதாகச் சொல்லும் மொத்தத் தொகையில். ஒரு காலத்தில் திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் ஆலைகளுக்குப் பெண்களைச் சேர்க்க 'சுமங்கலித் திட்டம்' என்று சுவரொட்டியே ஒட்டினார்கள். முகாம் கூலி என்றும் சொல்வார்கள். கல்யாணச் செலவுக்குக் கை கொடுக்கும் என்று பேச்சு. அந்தப் பெயர் கெட்டுப்போய்ச் சுவரொட்டிகள் மறைந்துவிட்டன. கடைசியில் மொத்தமாகத் தரும் வழக்கம் வேறு பெயர்களில் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. கணக்கு போட்டுப் பாருங்கள். 50,000 தருவதாகச் சொன்னால், 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 1,400 கூட வராது. அது பரிசு இல்லை. உங்கள் தங்கையின் கூலியிலிருந்தே பிடித்து வைத்தது. முப்பதாவது மாதத்தில் காய்ச்சலோடு வீடு திரும்பினால், பாதியில் நின்றுவிட்டாள் என்று அந்தத் தொகையை இல்லையென்று சொல்லிவிடலாம். அதனாலேயே பெண்கள் உடம்புக்கு முடியாமல் போனாலும் நாள் எண்ணிக்கொண்டு கிடக்கிறார்கள். பஞ்சுத் தூசியில் இருமி இருமி, இன்னும் ஏழு மாதம்தான் என்று சொன்ன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவளை யாரும் பூட்டி வைக்கவில்லை.

எல்லா ஆலையும் இப்படி என்று எழுதினால் அது பொய். மாதாமாதம் வங்கியில் சம்பளம் போட்டு, பிஎஃப் பிடித்து, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் பஸ் ஏற்றி அனுப்பும் ஆலைகள் இருக்கின்றன. அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்தவர்கள், தபால் வழியில் பட்டம் முடித்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். உங்கள் தங்கை போகப்போகும் ஆலை எந்த ரகம் என்று உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கண்டுபிடிக்க முடியும். சொந்தக்காரரிடம் ஆலையின் பெயரையும் முகவரியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். "வேடசந்தூர் பக்கம்" என்பது முகவரி ஆகாது. மாதச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் பிடிப்பார்களா, வங்கிக் கணக்கு யார் பெயரில், ஏடிஎம் அட்டை யார் கையில், பிஎஃப் எண் தருவார்களா, ஊருக்கு வர எத்தனை நாளுக்கு ஒரு முறை விடுப்பு என்று கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாவிட்டால் கோபப்பட வேண்டாம். இதுபோலச் சேர்த்து விடுகிறவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கிடைக்கும், அதற்கு மேல் அவர்களுக்கே ஒன்றும் தெரியாமல் இருப்பதுண்டு. ஆலைக்கே போய்க் கேளுங்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எதையும் அசலாகக் கொடுக்கக் கூடாது, நகல் போதும். வயதைக் கூட்டி ஒரு காகிதம் தயார் செய்யலாம் என்று யாராவது பேச்செடுத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். கிராம அலுவலராக நான் பார்த்த மோசமான கதைகள் பல அந்தக் காகிதத்தில்தான் தொடங்கின. அப்புறம், அங்கே இப்போது வேலை செய்கிற பெண்ணோடு போனில் பேச வைப்பதாகச் சொல்வார்கள். அது போதாது. வேலையை விட்டுத் திரும்பி வந்த ஒருத்தியை, அதிலும் பாதியில் வந்தவளை, நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள். கடைசி மாதச் சம்பளம் வந்ததா என்று மட்டும் கேட்டால் போதும், மற்றதை அவளே சொல்வாள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில், பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு வீட்டில் பதினாறு வயதுப் பெண் மில்லுக்குக் கிளம்புவதைக் கேள்விப்பட்டுப் போய், அப்பாவை மிரட்டி நிறுத்தினேன். ஏஜென்டை ஊரை விட்டே விரட்டினோம். இரண்டு மாதம் அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாதம் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரியவந்தது. வீட்டில் வைத்து என்ன செய்வது என்று அப்பா கேட்டாராம். அவள் ஏன் போக நினைத்தாள் என்று நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மில் என்பது அவளுக்குக் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் வழியாக இருந்திருக்கிறது. அதனால்தான் உங்களிடமும் அனுப்பாதீர்கள் என்று ஒரே வரியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தங்கையை உட்கார வைத்து, ஏன் போக வேண்டும் என்று கேளுங்கள். காசுக்கா, படிப்பு பிடிக்காமலா, வீட்டில் வரன் பேச்சு நடக்கிறதா, அல்லது மலையை விட்டு ஒரு முறை இறங்கிப் பார்க்க வேண்டுமா? கடைசிக் காரணமும் நியாயமானதுதான். காலேஜுக்கு விண்ணப்பிக்க வழி இருந்தால் நான்கு மாதத்தில் அதைப் பார்க்கலாம். இல்லை, வேலைக்குத்தான் என்றால் 18 நிறைந்த பிறகு, முன்பணம் இல்லாமல், மாதச் சம்பளத்துக்கு.

போவது என்று முடிவானால் முதல் நாள் அம்மாவோ நீங்களோ கூடப் போய், விடுதியைப் பார்த்துவிட்டு, வாட்ச்மேனிடம் பேசிவிட்டு வாருங்கள். கேட்டு வந்த குடும்பம் ஒன்று உண்டு என்று அவர்களுக்குத் தெரிவதே பாதிப் பாதுகாப்பு. வீட்டு எண்கள் இரண்டை அவள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். போனைப் பிடுங்கினால் எண்ணும் சேர்ந்து போய்விடுகிறது. விடுதிகளில் வார்டன் பக்கத்தில் நிற்க, ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொல்வதுண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஞாயிற்றுக்கிழமைதோறும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஒரு வாரம் திடீரென்று, "நம் பசு கன்று போட்டதா அம்மா?" என்று கேட்டாள். அந்த வீட்டில் பசுவே கிடையாது. கிளம்பும்போது அக்காவும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டது அது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அப்பாவும் சித்தப்பாவும் இறங்கிப் போனார்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்; என்னவென்று இங்கே எழுத வேண்டாம்.

ஒருவேளை தப்பாகிவிட்டால், நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு ஆலை வாசலில் போய்ச் சத்தம் போட வேண்டாம். பின்வாசல் வழியாக வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். பிறகு அப்படி ஒரு பெண் இங்கே இல்லவே இல்லை என்பார்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் 1098, பெண் என்றால் 181, உடனடி ஆபத்து என்றால் 112. இவை இரவிலும் எடுக்கும் எண்கள். பெயர், வயது, இடம், அழைத்துப் போனவர் எண், வண்டி எண், கடைசியாகப் பேசிய தேதி, இவற்றை முன்பே ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் பதற்றத்தில் விட்டுப்போகாது. காவல் நிலையத்தில், ஆலை எங்கள் எல்லையில் இல்லை, அங்கே போய்க் கொடுங்கள் என்றால் அது சரியான பதில் அல்ல. எந்த நிலையத்திலும் புகாரை வாங்கிப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. கூடவே ஆலை இருக்கும் பகுதியின் கோட்டாட்சியருக்கு ஒரு மனு. கொத்தடிமை என்று விசாரணையில் தெரிந்தால் அவர் விடுவிப்புச் சான்றிதழ் தருவார். அந்தத் தாள் கைக்கு வந்தால் முன்பணக் கடன் அழிந்தது, யாரும் திருப்பிக் கேட்க முடியாது. சான்றிதழ் வாங்காமல் வெறுங்கையோடு மீட்டுக்கொண்டு வந்துவிட்டு, பிறகு ஏஜென்ட் வீட்டு வாசலில் நின்று பணம் கேட்கும்போது அழுகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் 15100இல் கூப்பிட்டால் இலவசச் சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள்.

மறுவாழ்வுக்குப் பணமும் உண்டு. மத்திய அரசின் திட்டப்படி ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம். உடனடி உதவியாக 30,000 வரை தரலாம். மீதி, வழக்கு முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டுப்பாட்டை எழுதியவர் எந்த விசாரணை அறையிலும் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். மீட்கப்பட்ட குடும்பம் அதற்குள் அரிசிக்கு யாரிடம் கைநீட்டும்? நான் சான்றிதழ் எழுதிக் கொடுத்த ஒரு குடும்பத்தை இரண்டு வருடம் கழித்து வேறொரு தோட்டத்தில், வேறொரு நோட்டில் பார்த்தேன்.

கேள்விக்கு வெளியே ஒரு விஷயம், ஆனால் மலையில் இருப்பதால் சொல்கிறேன். நாம் அனுப்புகிறவர்கள் மட்டும் அல்ல, நம்மிடமும் வருகிறார்கள். மேல்மலையில் கேரட் அறுப்புக்கும், காட்டேஜ்களில் பாத்திரம் கழுவவும், கட்டட வேலைக்கும் வடமாநிலத்திலிருந்து குடும்பத்தோடு வருகிறார்கள். அவர்களுக்கு மொழி தெரியாது, பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாது, கூலி அவர்களைக் கூட்டி வந்தவர் கையில். பக்கத்து வீட்டில் பத்து வயதுக் குழந்தை பிள்ளை தூக்கிக்கொண்டு நின்றால், 'சொந்தக்காரப் பிள்ளை' என்ற பதிலோடு நாமும் நகர்ந்துவிடுகிறோம். 14 வயது வரை எந்த வேலைக்கும் வைத்துக்கொள்ளக் கூடாது, பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவது தவிர. உங்கள் ஊரில் அப்படி யாராவது இருந்தால் அதே 1098தான்.

கடிதக் கடைசியில் உங்கள் நண்பர் ஒருவர் கம்போடியாவில் கணினி வேலை என்று கிளம்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். வெளிநாடு என் துறை அல்ல, மனுக்களில் பார்த்தது மட்டும்தான். டேட்டா என்ட்ரி என்று சுற்றுலா விசாவில் போனவர்களை மியான்மர், கம்போடியா, லாவோஸ் எல்லைகளில் அடைத்து வைத்து இணைய மோசடி செய்ய வைத்த சம்பவங்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் மாட்டியிருக்கிறார்கள். 2022இல் பலர் மீட்கப்பட்டார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகிற எந்தப் பயணத்தையும் நம்ப வேண்டாம். ஏஜென்ட் உரிமம் பெற்றவரா என்று வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். உரிமம் உள்ளவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் வரியும்தான். நண்பரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். உங்கள் தங்கைக்காவது நான்கு மாதம் இருக்கிறது.

கடைசியாக உங்கள் சொந்தக்காரர். அவர் குற்றவாளியா என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தும் தலைக்குக் காசு வாங்கிக்கொண்டு சேர்த்து விட்டால் அவர் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. தெரியாமல் செய்தால், கேள்வி கேட்டுத் தெரிய வைக்கலாம். அதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. அந்த 20,000இல் இப்போது எவ்வளவு மிச்சம் என்று அம்மாவிடம் கேளுங்கள். கூரைக்கோ வட்டிக்கோ போயிருந்தால் அம்மாவைத் திட்டாதீர்கள்; குடும்பமாக உட்கார்ந்து மீதியை எப்படிச் சேர்ப்பது என்று பாருங்கள், மகளிர் குழுவில் கடன் கேட்டாலும் பரவாயில்லை. திருப்பிக் கொடுக்கும்போது கையில் கொடுக்காமல் அவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். அவரிடமும் ஒரு நோட்டு இருக்கும். அதில் உங்கள் அம்மா பெயருக்கு நேரே கோடு போட வைத்து, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துவிட்டு வாருங்கள்.